கிளிக்கு அலகு வெட்டிய ரசீது

நேற்று சாயங்காலம் வரைக்கும் அந்த ரசீதில் 'சூரியகாந்தி எண்ணெய், பெரிய டின்' என்று தெளிவாக இருந்தது. இன்று காலையில் பார்த்தால் வெறும் வெள்ளைத்தாள். அதன்மேல் ஆர்கிரிஸ் தன் கையால் இழுத்து ஒட்டிய செல்லோடேப் மட்டும் பளபளவென்று இருந்தது.

அடுத்ததை எடுத்தான். அதுவும் வெள்ளை. அதற்கடுத்ததில் கடைப்பெயரின் கடைசி எழுத்து மட்டும், டேப் படாத ஓரத்தில் பிழைத்துக் கிடந்தது.

"மாதாவே!" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

ஆர்கிரிஸ் கிரேக்க நாட்டில், எங்கள் வோலோஸ் ஊரில் டவுன் பஸ் ஓட்டுகிறவன். மத்தியான ஷிஃப்ட். அவன் மனைவி எவாந்தியா காலையிலேயே நகராட்சிக் குழந்தைகள் காப்பகத்துக்குச் சமைக்கப் போய்விடுவாள். ஆகவே காலை நேரத்தில் வீட்டில் அவனும் அந்தப் பெட்டியும்தான்.

பெட்டி என்றால் பூட்ஸ் வந்த அட்டைப்பெட்டி. அதற்குள் அந்த வருஷத்து ரசீது மொத்தமும் இருந்தது. நெருக்கடி வந்து, அரசாங்கம் தினம் ஒரு சட்டம் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. வாங்குகிற சாமானுக்கெல்லாம் ரசீதைச் சேர்த்துவைத்துக் காட்டினால் வரியில் தள்ளுபடி. காட்டாவிட்டால் தலையில் கூடுதல் வரி. ரசீதில் வாங்கியவர் பெயர் இருக்காது என்பதால், யார் ரசீதாக இருந்தாலும் செல்லும். அதனால் ஊரே குனிந்து நடந்து காகிதம் பொறுக்கியது. விருந்துக்கு வருகிறவனைக்கூட "கேக் எதுக்குப்பா வாங்கிட்டு வந்தே?" என்று உபசாரம் பண்ணிவிட்டு, கூடவே "அந்தக் கேக்கோட ரசீது எங்கே?" என்று கேட்பார்கள்.

வருஷா வருஷம் பெட்டி எவாந்தியாவின் பொறுப்பில்தான் இருக்கும். ஆர்கிரிஸ் அதைத் தொட்டால் கையில் கரண்டி விழும். ஆனால் இந்த வருஷம், நவம்பரில் அவன் பெயர்கொண்ட புனிதரின் திருநாள் அன்று, வந்த விருந்தாளிகளுக்கெல்லாம் நடுவில் எவாந்தியா அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து அவன் மடியில் வைத்தாள்.

"இந்தா. இனிமே இது உன் பொறுப்பு. எல்லாத்தையும் நானே கட்டிக்கிட்டு அழணுமா?"

ஆர்கிரிஸுக்கு நெஞ்சு விம்மியது. கல்யாணமான நாளிலிருந்து அவனை நம்பி அவள் ஒரு முட்டையைக்கூட ஒப்படைத்ததில்லை.

"கவலையே படாதே. கண்ணுல வெச்சுப் பாத்துக்கறேன்."

"பாக்க வேண்டாம். திறக்கவும் வேண்டாம். கிறிஸ்துமஸுக்கு முன்னால கணக்கு பாக்கற பொலிக்ஸேனி அம்மாகிட்ட கொண்டுபோய் வைக்கிற வரைக்கும் பத்திரமா இருந்தாப் போதும். ஏதாவது குறைஞ்சுதுன்னு வை, வரி கட்ட என்கிட்ட வேற வழி இல்ல. ஃப்ரோஸோவை வித்துடுவேன்."

விருந்தாளிகள் ஓவென்று சிரித்தார்கள். ஆர்கிரிஸ் சிரிக்கவில்லை.

ஃப்ரோஸோ அவனுடைய படகு. துறைமுகத்து ஓரத்தில் தார்ப்பாய் மூடிக் கட்டிக் கிடக்கும் சின்ன மரப்படகு. ஞாயிற்றுக்கிழமை அதில் ஏறி வளைகுடாவுக்குள் போய், மீன் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், மனுஷனாகத் திரும்பி வருவான். அந்தப் படகு இல்லாவிட்டால் வாரம் பூராவும் அவனுக்குப் பஸ் ஸ்டியரிங் மட்டும்தான். படகுக்குத் தன் அம்மாவின் பெயரை வைத்திருந்தான். எவாந்தியாவுக்கு ஆகாத விஷயம் அது ஒன்றுதான். "என் மாமியார் செத்தும் வீட்டை விட்டுப் போகல. துறைமுகத்துல கயித்துல கட்டிக் கிடக்கா" என்று ஊரெல்லாம் சொல்லுவாள்.

பெட்டி புதிதாக இருந்ததை அவன் அன்றைக்கே கவனித்தான். பக்கத்தில் அளவு 46 என்று போட்டிருந்தது. அவன் கால் அளவு 42.

"இது ஏது பெட்டி?"

"பெட்டின்னா பெட்டி. அதுக்கு வம்சாவளி வேணுமா உனக்கு?"

அதோடு விட்டிருக்கலாம். விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. நேற்றுக் காலை சிகரெட் வாங்கப் போன இடத்தில், பெட்டிக்கடை தியாமந்திஸ் தன் வாயைத் திறந்து தொலைத்தான்.

"அண்ணே, ரசீதையெல்லாம் பத்திரமா வெச்சிருக்கீங்கல்ல? அதுல மையே கிடையாது, தெரியுமா? காகிதத்துல மருந்து தடவியிருக்கான். சூடு பட்டா எழுத்து வரும். அவ்வளவுதான். போகப் போக மங்கிடும்."

"மங்கிடுமா?"

"என் மச்சானோடது பூராவும் வெள்ளையாயிடுச்சு. வரி ஆபீஸ்ல போய் கல்யாணப் பத்திரிகை குடுக்கற மாதிரி வெறுங்காகிதத்தைக் குடுத்துட்டு நின்னான்."

ஆர்கிரிஸ் வீட்டுக்கு ஓடிவந்து பெட்டியைத் திறந்தான். மேலே கிடந்தவை மங்கலாகத்தான் இருந்தன. எழுத்து ஓடிப்போகாமல் இருக்க அதை அமுக்கிப் பிடித்துவைக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. செல்லோடேப் ஒரு உருளை தீரும்வரை ஒட்டினான். அந்த உருளைக்கு ரசீதும் வாங்கினான்.

ஒட்டும்போதே ஒரு விஷயம் அவன் கண்ணில் பட்டது. நடுவில் ஒரு ரசீது கையால் எழுதியது. மாட்டு வைத்தியர் கொடுத்தது. 'நோயாளி பெயர்: சொலோன். இனம்: கிளி. அலகு வெட்டியது, சொட்டு மருந்து.'

ஆர்கிரிஸ் வீட்டில் கிளி கிடையாது. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

அளவு 46 பெட்டி. அதற்குள் கிளி ரசீது. அவன் மனதில் ஒரு பூச்சி ஊர்ந்தது. கேட்கலாம் என்றால் பெட்டியைத் திறந்தது தெரிந்துவிடும். வாயை மூடிக்கொண்டான்.

இன்று காலை டேப் ஒட்டிய அத்தனையும் வெள்ளை. நேரே தியாமந்திஸிடம் போனான்.

"டேப்பா ஒட்டினீங்க? ஐயையோ! அந்தப் பசைதான் எழுத்தைத் தின்னுடுமே!"

"இதை நேத்தே சொல்லக்கூடாதா?"

"நீங்க ஒட்டுவீங்கன்னு நான் என்ன கனவா கண்டேன்? மிச்சத்தையாவது காப்பாத்துங்க. வெளிச்சம் படக்கூடாது, சூடு படக்கூடாது. குளுமையா, இருட்டா ஒரு இடத்துல வைங்க."

குளுமையாகவும் இருட்டாகவும் இருக்கிற இடம் ஒரு வீட்டில் எது? ஆர்கிரிஸ் யோசித்தான். ஃப்ரிட்ஜின் அடியில், காய்கறி வைக்கிற டிராயர். எவாந்தியா அதைத் திறந்தே சில வாரம் ஆகிவிட்டது. கீரை வாங்கி, மாவுக்குள் வைத்து ஓவனில் பிட்டா சுடுவதை அவள் எப்போதோ நிறுத்திவிட்டாள். கேட்டால் "ஓவன்ல ஒரு நாத்தம்" என்று பேச்சை மாற்றினாள். ஆகவே டிராயர் காலி. பெட்டி அதற்குள் நுழையாது. ரசீதுகளைக் கொத்தாக எடுத்து அதற்குள் பரப்பி, மேலே ஒரு முட்டைக்கோஸைக் காவலுக்கு வைத்தான். காலிப் பெட்டியைப் பழைய இடத்திலேயே வைத்தான்.

அன்று சாயங்காலம் எவாந்தியாவின் தம்பி ஊரிலிருந்து ஒரு டின் பாலாடைக்கட்டி கொடுத்தனுப்பினான். உப்புத்தண்ணீரில் ஊறுகிற சமாசாரம். எவாந்தியா அதைச் சாய்த்து ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் வைத்தாள்.

மறுநாள் காலை ஆர்கிரிஸ் டிராயரை இழுத்தபோது முட்டைக்கோஸ் மிதந்து வந்தது.

ஐயோ பாவம், அந்த மனுஷன் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. உப்புத்தண்ணீரில் ஊறிய ரசீதுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, சாப்பாட்டு மேஜை முழுக்கப் பரப்பினான். காய வைக்க வேண்டும். வெயிலில் வைக்கக்கூடாது என்று தியாமந்திஸ் சொல்லியிருக்கிறான். அப்போதுதான் அவன் சொன்ன இன்னொரு வார்த்தை ஞாபகம் வந்தது. 'சூடு பட்டா எழுத்து வரும்.'

ஆர்கிரிஸ் நிமிர்ந்து உட்கார்ந்தான். சூடு பட்டால் எழுத்து வரும் என்றால், போன எழுத்தும் சூடு பட்டால் திரும்பி வரத்தானே வேண்டும்? ஈரமும் காயும், எழுத்தும் வரும். இவ்வளவு சுலபமான விஷயம் படித்தவர்களுக்கு ஏன் தோன்றவில்லை?

செல்லோடேப் ஒட்டி வெளுத்ததையும் சேர்த்துப் பரப்பினான். மேலே ஒரு பெரிய குளியல் துண்டை விரித்தான். இஸ்திரிப் பெட்டியைக் கம்பளிக்கு வைக்கிற சூட்டில் வைத்து, பாட்டுப் பாடிக்கொண்டே, ஒரு மூலை விடாமல் தேய்த்தான்.

துண்டைத் தூக்கினான்.

எழுத்து வந்திருந்தது. ஆனால் எல்லா இடத்திலும் வந்திருந்தது. மேஜை முழுக்க, ஓரத்திலிருந்து ஓரம் வரைக்கும், ரசீதுகள் கரிக்கட்டை மாதிரி கன்னங்கரேலென்று கிடந்தன. எண்ணெய், மீன், சோப்பு, பெட்ரோல் என்று ஒரு வருஷத்து வாழ்க்கை முழுசும் ஒரே கறுப்பு.

ஒன்றே ஒன்று மட்டும் வெள்ளைவெளேரென்று, சுருக்கமில்லாமல், புத்தம்புதிதாக இருந்தது. பேனாவால் எழுதியதாயிற்றே. கிளிக்கு அலகு வெட்டிய ரசீது.

"உன்னை யாருய்யா கேட்டா?" என்று அதைப் பார்த்துக் கத்தினான் ஆர்கிரிஸ். பிறகு அதையும் விட மனசில்லாமல் பெட்டியின் அடியில் போட்டான். இருந்தது அது ஒன்றுதானே.

கறுத்ததையெல்லாம் சாக்கில் கட்டிக் கொண்டுபோய்ப் படகில், வலைக்கு அடியில் ஒளித்தான். தார்ப்பாயைத் திரும்ப இழுத்துவிடும்போது படகின் பக்கவாட்டை ஒரு தட்டுத் தட்டினான். "பயப்படாதே அம்மா. விக்க விடமாட்டேன்" என்றான். கண் கலங்கிவிட்டது. உப்புக்காற்று என்று சொல்லிக்கொண்டான்.

கிறிஸ்துமஸ் நெருங்கிக்கொண்டிருந்தது. பெட்டியை மறுபடி நிரப்பியாக வேண்டும். ஊரெல்லாம் அலைந்துதான் ஆக வேண்டும்.

முதலில் தெருமுனை ரொட்டிக்கடை ஸஃபிரியா அக்காவிடம் போனான்.

"அக்கா, ஜனங்க வாங்காம விட்டுட்டுப் போற ரசீது ஏதாவது..."

ஸஃபிரியா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "நீயுமா?" என்றாள். பிறகு கல்லாவில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள்.

"என்ன அக்கா சிரிப்பு?"

"ஒண்ணுமில்லப்பா. உங்க வீட்ல ரசீதை வறுத்துத் தின்றீங்களா என்ன? இந்தா, இருக்கறதை எடுத்துக்கோ."

ஊரே ரசீது கேட்டு அலைகிற காலத்தில் இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று ஆர்கிரிஸுக்குப் புரியவில்லை. ஆனால் ரசீது ரசீதுதான். வாங்கிக்கொண்டான்.

அவன் குடியிருக்கிற கட்டடத்தின் மாடியில் கேப்டன் ஸராந்திஸ் இருக்கிறார். கப்பலில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவியை இழந்தவர். மீசைக்குச் சென்ட் போடுகிறவர். பெண்களைப் படியில் பார்த்தால் கையை முத்தமிட்டு வழிவிடுவார். ஆர்கிரிஸுக்கு அவரைப் பிடிக்காது. ஆனாலும் மணியை அடித்தான்.

கேப்டன் கதவைத் திறந்தார். ஆர்கிரிஸின் கண் அவர் காலுக்குப் போனது. புது பூட்ஸ். படகு மாதிரிப் பெரிய கால். அளவு 46-க்குக் குறையாது.

உள்ளே ஒரு பறவை கத்தியது.

"கிளியா?" என்றான் ஆர்கிரிஸ்.

"கிளியா? எனக்கு எதுக்குய்யா கிளி? கிளி பேசும். நான் தனியா நிம்மதியா இருக்கேன். இது கேனரி. பாடும், அவ்வளவுதான். உள்ள வா, ஒரு கிளாஸ் சிப்புரோ சாராயம் சாப்பிடு."

"வேண்டாம் கேப்டன். ரசீது இருந்தா குடுங்க. போதும்."

கேப்டனின் மீசைக்கு அடியில் ஒரு சிரிப்பு நெளிந்தது. "உங்க வீட்டுக்குன்னா என்கிட்ட எப்பவும் ஏதாவது இருக்கும்" என்றார். கை நிறைய ரசீது கொண்டுவந்து கொடுத்தார். "எவாந்தியாவை விசாரிச்சேன்னு சொல்லு. தங்கமான பொண்ணு. அழவே கூடாது அவ."

"அவ ஏன் அழணும்?"

"அதானே, ஏன் அழணும்?" என்று கேப்டன் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஆர்கிரிஸ் படியிறங்கி வரும்போது இரண்டு தடவை தடுக்கினான். கிளி இல்லை, சரி. ஆனால் பூட்ஸ் இருக்கிறது. அவள் அழுகையைப் பற்றி இந்த ஆளுக்கு என்ன தெரியும்?

வீடு வீடாகக் கேட்டும் பெட்டி பாதிகூட நிறையவில்லை. அன்று மத்தியானம் பஸ்ஸில் ஸ்டியரிங்கைப் பிடித்தபோதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. மீன் சந்தை ஸ்டாப்பில் ஏறுகிறவர்கள் கை நிறையச் சாமான். சாமான் இருந்தால் ரசீது இருக்கும்.

"அம்மா, உங்ககிட்ட கடை ரசீது இருக்கா?" என்று முதலில் ஏறிய பெண்மணியைக் கேட்டான்.

அவள் பயந்துபோய்ப் பையைத் துழாவி, ஒரு மீன் ரசீதை நீட்டினாள். ஆர்கிரிஸ் நன்றி சொல்லி வாங்கிச் சட்டைப் பையில் போட்டான். பின்னால் வந்தவர் அதைப் பார்த்தார்.

"என்னப்பா, இப்போ பஸ் ஏறவும் ரசீது வேணுமா?"

"இல்லீங்க, சும்மாதான்..."

"எனக்குத் தெரியும்!" என்று வரிசையில் யாரோ கத்தினார்கள். "நேத்து ராத்திரி செய்தியில ஏதோ புதுச்சட்டம்னு சொன்னான்!"

"மீன் வாங்கினவன் மட்டும்தான் பஸ்ல போகலாமாமா? நான் முட்டைக்கோஸ்தான் வாங்கினேன்!"

"முட்டைக்கோஸும் செல்லும்யா, ஏறு!"

எந்தச் சட்டம் வந்தாலும் நம்புகிற நிலைமையில் நாடு இருந்தது. ஆர்கிரிஸ் என்ன சொல்லியும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த ஸ்டாப்பில் ஒருவர் ரசீது இல்லை என்று இறங்கி, எதிர்க் கடையில் சூயிங்கம் வாங்கிக்கொண்டு ஓடிவந்தார். அதற்கடுத்த ஸ்டாப்பில் டிக்கெட் பரிசோதகர் ஏறினார். "டிக்கெட்!" என்றார். பஸ் மொத்தமும் மீன் ரசீதைத் தூக்கிக் காட்டியது.

பரிசோதகர் நேராக டிரைவர் சீட்டுக்கு வந்தார்.

"என்னய்யா நடக்குது இங்கே?"

ஆர்கிரிஸ் ஒன்றுவிடாமல் சொன்னான். டேப், ஃப்ரிட்ஜ், இஸ்திரிப் பெட்டி, படகு. கேட்டு முடித்த பரிசோதகர் தன் பர்ஸைத் திறந்து, கல்யாணக் கடையில் மணப்பெண் தலைத்துணி வாடகைக்கு எடுத்த ரசீதை எடுத்து நீட்டினார்.

"என் பொண்ணுக்கு எடுத்தது. நல்ல பெரிய தொகை. வெச்சுக்கோ. ஆனா நாளைக்கு இந்த வண்டியில இந்தக் கூத்து நடந்துது, மேலே எழுதிடுவேன்."

அன்று இரவு சாப்பாட்டில் எவாந்தியா சொன்னாள்: "கேட்டியா, டவுன் பஸ்ல மீன் ரசீது இல்லாட்டி ஏத்தறது இல்லையாமே? காப்பகத்துல இதே பேச்சு."

ஆர்கிரிஸுக்குப் பீன்ஸ் புரையேறியது.

"எவனோ கிறுக்கு டிரைவர் பண்ணினானாம். உனக்குத் தெரியுமா அவனை?"

"அவ்வளவா பழக்கமில்ல" என்றான் ஆர்கிரிஸ், தண்ணீரைக் குடித்துக்கொண்டே.

ஆனால் கதை பரவியதில் ஒரு நன்மை. விஷயம் புரிந்தவர்கள் தாங்களாகவே கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்தார்கள். மெக்கானிக் கொடுத்தான். மருந்துக்கடைக்காரி கொடுத்தாள். பாதிரியார்கூட அங்கிக்குள்ளிருந்து சாம்பிராணி வாங்கிய ரசீதை எடுத்துக் கொடுத்து, "யார்கிட்டயும் சொல்லாதே, நான் வரி கட்டுறவன்னு நினைச்சுக்கப் போறாங்க" என்றார். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் பெட்டி மூடி மூட முடியாத அளவுக்கு நிரம்பிவிட்டது. ஆர்கிரிஸுக்கு ஊரைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும்போல் இருந்தது.

பொலிக்ஸேனி அம்மாவிடம் போகிற அன்று எவாந்தியா கோட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். "பெட்டியைக் குடு. ஒரு தடவை பாத்துடறேன்."

ஆர்கிரிஸ் தடுப்பதற்குள் அவள் மூடியைத் திறந்துவிட்டாள். மேலேயே கிடந்தது, குழந்தைக்கு டயபர் வாங்கிய ரசீது. அவர்களுக்கு இருக்கிற ஒரே பையன் மீசை முளைத்துக் கப்பலில் வேலை செய்கிறான். அதற்கடியில் கல்யாணத் தலைத்துணி. அதற்கடியில் வேட்டைத் துப்பாக்கிக்குத் தோட்டா. அதற்கடியில் சாம்பிராணி.

முடிந்தது கதை என்று ஆர்கிரிஸ் கண்ணை மூடிக்கொண்டான்.

எவாந்தியா எல்லாவற்றையும் பார்த்தாள். மெல்ல மூடியை மூடினாள்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றாள். குரல் பூனைக்குட்டி மாதிரி இருந்தது. "நல்லா பாத்துக்கிட்டே ஆர்கிரி. சமத்து."

ஆர்கிரிஸ் கண்ணைத் திறந்தான். இவளுக்கு உடம்பு சரியில்லையோ? துப்பாக்கி தோட்டா ரசீதைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்காமல் போகிற பெண்ணா இவள்?

கணக்கர் பொலிக்ஸேனி அம்மாவின் ஆபீஸ் கடற்கரைச் சாலையில், மாடியில். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, ரசீதுகளை ஒவ்வொன்றாக எடுத்து, மெஷினில் தட்டித் தட்டிப் போட்டார். இருவரும் எதிரே நாற்காலியில், பரீட்சை எழுதிய பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். ஆர்கிரிஸ் தொப்பியைப் பிழிந்துகொண்டிருந்தான். எவாந்தியா கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"போதும்" என்றார் பொலிக்ஸேனி அம்மா கடைசியில். "தாராளமா போதும். கூடுதல் வரி ஒரு காசு கிடையாது. இந்த மாதிரி பெட்டி இந்த வருஷம் நான் பாக்கவே இல்ல. சாமர்த்தியம்தான்."

ஆர்கிரிஸ் விட்ட மூச்சில் மேஜைமேல் இருந்த காகிதம் பறந்தது. படகு பிழைத்தது! ஞாயிற்றுக்கிழமை பிழைத்தது! அந்தச் சந்தோஷத்தோடு சந்தோஷமாக, மனைவியை ஏமாற்றிவிட்டோமே என்ற குற்ற உணர்ச்சியும் பொங்கிக்கொண்டு வந்தது. கேப்டனையும் கிளியையும் வைத்து அவளைச் சந்தேகப்பட்டதை நினைத்தபோது வெட்கமாகக்கூட இருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"எவாந்தியா, ஈஸ்டருக்கு உன்னைப் படகுல கூட்டிட்டுப் போறேன்."

"உங்கம்மா மேல ஏறி நான் உக்காரணுமா?" என்றாள். ஆனால் வழக்கமான காரம் அதில் இல்லை.

"பேரை மாத்திடறேன். இந்த வாரமே பெயின்ட் வாங்கறேன். எவாந்தியான்னு எழுதறேன். நீ என்னை நம்பிப் பெட்டியைக் குடுத்தே பாரு, அதுக்கு."

எவாந்தியா தலையைக் குனிந்துகொண்டாள். காதெல்லாம் சிவந்துவிட்டது. "பெரிய எழுத்தா?" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டே.

"பெரிய எழுத்தா. ரெண்டு பக்கமும்."

பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்த பொலிக்ஸேனி அம்மாவின் கையில் கடைசியாக ஒரு தாள் வந்து விழுந்தது. பேனாவால் எழுதியது. அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தவர் முகமெல்லாம் மலர்ந்தார்.

"அட, எங்க வீட்டு சொலோன் கிளியோட ரசீது! இதை இன்னும் பத்திரமா வெச்சிருக்கியா எவாந்தியா? பழைய பெட்டியை ஓவனுக்குள்ள வெச்சதை மறந்து, பிட்டா சுடறேன்னு மூட்டிவிட்டு எல்லாம் கரியாப் போச்சுன்னு நீ தெருத்தெருவா அழுதுக்கிட்டு வந்தியே, அன்னிக்குக் கேப்டன் இந்தப் பெட்டியைக் குடுத்தாரு, ஆளாளுக்கு ரசீது குடுத்தாங்க, நான் இதைக் குடுத்தேன்!"